நாலாவது ஆப்பு

இன்று காலை கொல்லையில் இருக்கும் நீல டிரம்மின் மூடியைத் திறந்தேன். உள்ளே அடைபட்டுக் கிடந்த அம்மோனியா நெடி நேராகக் கண்ணுக்கு ஏறியது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் நிற்கவே இல்லை. துணி காயப்போட வந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னுமா அவரையே நெனச்சினு இருக்கீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அது பொய் இல்லை. உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று அவள் கேட்கவில்லை. முதுகில் ஆறுதலாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். உன் சாவுக்கு நான் அழவில்லை என்பதில் அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அது இன்று தீர்ந்தது. உனக்காக நான் விட்ட கண்ணீர் அத்தனையும் அம்மோனியாவின் உபயம் என்பதை உனக்கு மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த நெடியை உனக்கு அறிமுகப்படுத்தியவனே நான்தான். வேங்கிக்கால் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவனாக வேலை பார்த்த காலத்தில், படங்களை நகல் எடுக்கும் அறையில் நாள் முழுவதும் அது வீசும். மரத்தையும் அந்த நெடியில் மூடி வைக்கலாம், மரத்துக்குள் இருக்கும் துவர்ப்பு கறுத்து, போன தலைமுறையில் செய்த சாமான்போல ஒரு நிறம் வரும் என்று பின்னால் நமக்குக் கிடைத்த பழைய வரைபடத்தாள் ஒன்றின் ஓரத்தில் அச்சாகியிருந்தது. குதிரை லாயத்தில் கிடந்த மரம் தானாகக் கறுத்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையையும் நான்தான் உனக்குச் சொன்னேன். மறுநாளே நீ உன் விடுதிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரரிடம், எங்கள் மரங்கள் எல்லாம் பசு கட்டிய தொழுவத்தில், பசுவின் மூச்சில் பழுத்தவை என்று விளக்கிக்கொண்டிருந்தாய். அவர் நாற்காலியின் கையைத் தொட்டுக் கும்பிட்டார்.

"ஏன்யா, அது குதிரைடா" என்றேன்.

"அம்மோனியான்னா கெமிக்கலுன்னுவான். குதிரைன்னா மூஞ்ச சுளிப்பான். பசுன்னு சொல்லிப் பாரு, உக்காரவே யோசிப்பான்" என்றாய். "வெளிய தெரியறதுதான் ஓவர்சியரே முக்கியம்."

நான் ஓவர்சியர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அரசாங்கம் எனக்குக் கடைசிவரை தராத பதவி உயர்வை நீ முதல்நாளே கொடுத்துவிட்டாய். பிறகு அதற்கும் மேலே ஒரு பதவி கொடுத்தாய். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தத் தகரப்பெட்டி. செங்கம் சாலையில் உன் விடுதியில் வெகுகாலம் தங்கி தியானம் செய்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் ஊருக்குப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போனார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாகப் பழுப்பேறிய தாள்கள், எல்லாம் கோட்டுப் படங்கள். நீ அதைத் தலையில் வைக்காத குறையாக என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஒரு தாளை விரித்துக் காட்டினாய்.

"இது நல்ல வீடா இருக்குது ஓவர்சியரே. நாலு மூலைக்கு நாலு தூணு. நடுவுல ஹாலு. பின்னாடி பாரு, சாய்ப்பு எறக்கி இருக்கான். நம்ம காலி மனைல இத கட்டலாமா? அப்ரூவல் கெடைக்குமா?"

நான் அந்தத் தாளைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தேன். அது ஒரு நாற்காலி.

சாய்ப்பு என்று நீ சொன்னது முதுகு சாயும் பலகை. தூண் என்றது கால்கள். இரண்டு ஆள் கூட உட்கார முடியாத அந்த வீட்டுக்கு அனுமதி வாங்கித் தர முடியாது என்று சொன்னேன். நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. நாம் சேர்ந்து சிரித்தவற்றில் இன்றைக்கும் எனக்குக் கசக்காதது அது ஒன்றுதான், அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்று அந்தப் பாணிக்குப் பெயர். ஒரு நூறு வருஷத்துக்கும் முன்னால், எந்திரம் கொட்டித் தள்ளிய பூ வேலைப்பாட்டு நாற்காலிகளைப் பார்த்துக் கடுப்பானவர்கள் தொடங்கியது. நேர்ப் பலகை, நேர்க் கோடு. பூ கிடையாது, யாளி கிடையாது. எது மரத்தைத் தாங்குகிறதோ அது வெளியே தெரிய வேண்டும். ஒரு பலகையின் முனை, நாக்குபோல, இன்னொரு பலகையின் துளை வழியாகப் புகுந்து மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிய நாக்கில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஓர் ஆப்பு. ஆணி இல்லை, பசை இல்லை. ஆப்பைத் தட்டத் தட்ட மூட்டு இறுகும். வெயிலில் மரம் சுருங்கினால் இன்னொரு தட்டு. அவ்வளவுதான் அந்தத் தத்துவம். படித்தபோது எனக்கு, அரசு அலுவலகத்தில் இத்தனை வருஷம் கிடைக்காத ஒரு நிம்மதி கிடைத்தது. உலகத்தில் எங்கோ சில பேர், வெளியே தெரிவது உண்மையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள்.

அதை உன்னோடு சேர்ந்து செய்யத் தொடங்கினேன் என்பதுதான் வேடிக்கை.

மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் என் வீட்டுப் பின்கட்டில் கொட்டகை போட்டோம். தாளில் சொல்லியிருந்த ஓக் மரத்துக்கு நாம் எங்கே போவது? கருவேலம் வாங்கினோம். அது ரம்பத்தின் பல்லைத் தின்றது, ஆனால் அம்மோனியாவுக்கு அருமையாகக் கறுத்தது. தாளில் இருந்த அங்குலங்களை நான் மறுபடி வரைந்தேன், நான் அறுத்தேன், நான் துளை போட்டேன். நீ பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பேசினாய். நன்றாகப் பிடிப்பாய், அதில் குறை சொல்ல மாட்டேன். பேச்சு சூடாகும்போது மட்டும் கையை விட்டுவிடுவாய்.

ஊருக்கு நம் சாமான்கள் புரியவில்லை. "என்னாங்க, நாற்காலி நாக்கத் துருத்தினு இருக்குது?" என்று கேட்டார்கள். கோயில் குருக்கள் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பெஞ்சு வாங்கிக்கொண்டு போனாரே, நினைவிருக்கும். அவர் வீட்டில் கதவு வேலைக்கு வந்த தச்சர், வேலையை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டு, நீட்டிக்கொண்டிருந்த நாக்குகளை எல்லாம் ஆப்போடு சேர்த்து வழவழவென்று அறுத்து, இழைத்தும் கொடுத்துவிட்டார். குருக்கள் மறுநாள் நேரே நம் கொட்டகைக்கு வந்தார்.

"உக்காந்தேன். பெஞ்சு நாலு பக்கமும் விரிஞ்சு, நான் பாட்டுக்குக் கீழே போயிண்டே இருக்கேன். சரி, அண்ணாமலையார் கூப்ட்டுட்டார்னு கண்ணை மூடிண்டுட்டேன். தரை வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் கூப்பிடலைன்னு."

நீ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தாய். அவரும் பெரிய மனசுக்காரர், எல்லாவற்றிலும் ஒரு காரணம் பார்ப்பவர். இந்தக் குருக்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வருகிறார்.

அந்தச் சம்பவத்திலிருந்து நான் கற்றது, நாக்கு இல்லாமல் பெஞ்சு நிற்காது என்பது. நீ கற்றது வேறு. விடுதி வராந்தாவுக்கு நிறைய பெஞ்சு தேவைப்பட்டபோது, எனக்குத் தெரியாமல், எங்கோ ஆணி அடித்து வாங்கிய பெஞ்சுகளின் பக்கவாட்டில் சிறுசிறு மரத்துண்டுகளைச் செதுக்கிப் பசை போட்டு ஒட்டினாய். பார்த்தால் நாக்கு, பார்த்தால் ஆப்பு. உன் வாழ்நாளில் நீ உன் கையால் செய்த தச்சுவேலை அது ஒன்றுதான். மழை வந்ததும் ஒன்று கழன்று விழுந்தது. அதைக் கண்டெடுத்த ஒரு வெளிநாட்டுப் பையன், தான்தான் பெஞ்சை உடைத்துவிட்டதாக நினைத்து, வரவேற்பு மேசைக்குக் கொண்டுவந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டான். நீ அவனை மன்னித்தாய். தோளில் கை போட்டு, பொருள்கள் மேல் பற்று வைக்கக் கூடாது என்று புத்தியும் சொன்னாய். மேசையில் கிடந்த அந்தப் பொய் ஆப்பை எடுத்து நான் என் கருவிப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

இப்போது விளக்கு.

தகரப்பெட்டியின் அடியில் ஒரு மேசை விளக்கின் தாள் இருந்தது. அடித்தண்டும் பீடமும் மட்டும் மிஞ்சியிருந்தன, மேல்மூடி இருந்த பாதியைக் கரையான் தின்றுவிட்டது. தின்ற பாதியை நான் யோசித்தேன். நாலு பக்கமும் செம்புத் தகடு, உள்ளே வெளிச்சம் ஊடுருவும் மஞ்சள் மைக்கா. தகட்டில் மலையின் விளிம்பை வெட்டினால், விளக்கை ஏற்றியதும் மலை இருட்டாகவும் வானம் விடிகிற நிறத்திலும் தெரியும். காலைகளில் பின்கட்டு வாசற்படியில் பென்சிலோடு உட்கார்ந்து வரைந்தேன். என் வீட்டிலிருந்து பார்த்தால் உச்சிக்குப் பக்கத்தில் மாட்டின் திமில்போல ஒரு மேடு தெரியும். அந்தத் திமிலை வெட்டுவதில்தான் செம்பு அதிகம் வீணானது. முதல்முதலாக ஏற்றியபோது என் மனைவி, "நம்ம மல" என்று மட்டும் சொன்னாள். நான் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் அது என்று இப்போதும் நினைக்கிறேன். மற்றவை எல்லாம் யாரோ எப்போதோ போட்ட வரைபடம்.

நீ அதை விடுதி வரவேற்பறையில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போனாய்.

பிறகு சென்னையிலிருந்து பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். அன்றைக்கு நான் ஒரு பலகையைக் கொண்டுவந்து கொடுக்க விடுதிக்கு வந்திருந்தேன், பலகையோடு நின்றுகொண்டிருந்தேன். நீ ஜன்னல் பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு பேசினாய்.

"விடியக்காலைல தியானம் முடிச்சிக் கண்ணத் தொறந்தா இந்த ஜன்னல்ல மலை. கை தானா வரைஞ்சிடுச்சிம்மா. நான் செஞ்சேன்னு எப்டி சொல்றது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் என் பக்கம் திரும்பினாள். "சார் யாருங்க?"

"இவரு நம்ம ஓவர்சியரு. மரம் புடிக்கிறவரு."

மரம் பிடிக்கிறவர். பேனா அதைக் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அச்சில் வந்தபோது அதுவும் இல்லை. படத்துக்குக் கீழே உன் பெயர், அதன் பின்னால் 'உதவியாளர் ஒருவருடன்'.

பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் உன்னைக் கேட்டேன்.

"ஏன்யா அப்டி சொன்ன?"

"அட இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சினு இருக்க? ரெண்டு பேருன்னா கத நிக்காது ஓவர்சியரே. ஜனங்களுக்கு ஒரு ஆளு போதும்."

நான் சமாதானமாகிவிட்டதாக நீ நினைத்தாய். நான் அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு விஷயம் இருந்தது. ஒரே படத்தில் விளக்கும் இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது. விளக்கில் ஒரு மலை, ஜன்னலில் வேறு மலை. உன் ஜன்னல் மலைக்குத் தெற்கே. அங்கிருந்து பார்த்தால் திமில் கிடையாது. உன் கை தானாக வரைந்த மலை என் கொல்லைப்புறத்து மலை.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாய். ஊரே பார்த்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வரும் ஊர். மலை எந்த இடத்தில் எப்படித் தெரியும் என்று வெளியூர்க்காரருக்கு விரல் நீட்டிச் சொல்லும் ஊர். ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீயும் கண்டுபிடிக்கவில்லை. அடி அண்ணாமலையில் பெண் எடுத்தவன், வருஷக்கணக்காக என் கொட்டகைக்கு வந்தவன், ஒருநாளாவது நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அரசு அலுவலகத்தில் இருந்தவன் நான். பழிவாங்குவதிலும் எனக்குக் கோப்பு நகர்கிற வேகம்தான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த விளக்கைச் செய்தது நான் என்று நாலு பேர் முன்னால் ஒரு வாய் சொல்ல வேண்டும். அந்த வாய் உன்னுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பௌர்ணமியன்று உன்னையும் விளக்கையும் அழைத்துக்கொண்டு சுற்றுப்பாதையில் நடந்து, கூட்டம் நிறைந்த நேரத்தில் என் வீட்டுப் பக்கம் நிறுத்தி, "கொஞ்சம் விளக்கைத் தூக்கிப் பிடி, மலையோடு பொருத்திப் பார்க்கலாம்" என்று சொல்வதாகத் திட்டம். அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பிடி என்ற சொல்லை எங்கே அழுத்துவது என்பதில் எனக்குள் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் நாளும் பார்த்துவிட்டேன்.

அந்தப் பௌர்ணமிக்கு முன்னால், மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாம் முதலில் செய்த அந்தச் சாய்ப்பு இறக்கிய நாற்காலியில் நீ சாய்ந்தாய். எழுந்திருக்கவில்லை. என்ன அமைதியான சாவு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நாற்காலி அப்படி, என்று நான் சொல்லவில்லை.

என்னைப்போல் ஏமாந்தவன் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் உன்னை இழந்து நின்றார்கள். நான் இழந்தது வேறு.

காரியத்துக்கு முன்னால் உன் மகன் வந்தான். "மாமா, அப்பா படத்துக்கு அவரு ஸ்டைல்லயே ஒரு ஃபிரேம் செஞ்சு குடுங்க" என்றான். நல்ல பையன், உன் மேல் உயிர். அவர் ஸ்டைல் என்றால் பசை போட்டு ஒட்டுவதா என்று கேட்க வாய் வந்தது. செய்து தருகிறேன் என்றேன். கருவேலம், நாலு மூலைக்கும் நாக்கு, நாக்குக்கு ஒன்றாக நாலு ஆப்பு. அம்மோனியா டிரம்மில் வைத்துக் கறுக்க வைத்தேன். நான் செய்த சட்டங்களில் அதுதான் சிறந்தது. உன்மேல் இருந்த அன்பால் என்று நினைத்துக்கொள்ளாதே. மோசமாக அறுக்க என் கைக்கு வராது.

படத்திறப்பு சாயங்காலம் விடுதிக் கூடத்தில் நடந்தது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். கலைஞன் என்றார்கள், எளிமை என்றார்கள், ஒருவர் உன்னை மௌனி என்று கூடச் சொன்னார். பிறகு உன் மகன் மைக்கைப் பிடித்து, "அப்பாவுக்குக் கூடமாட இருந்த மாமா ரெண்டு வார்த்த பேசுவாரு" என்றான்.

நான் எழுந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு முன்வரிசையில் ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினார்.

"இந்த விளக்கு, அவரு இந்த ஜன்னல்ல பாத்த மலைய அப்படியே வரைஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றேன். "அவரு ஞாபகமா, அத அந்த ஜன்னல்லயே வெச்சு ஏத்திப் பாக்கலாங்க. மலையும் விளக்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

நல்ல யோசனை என்றார்கள். திரையை விலக்கினார்கள். வெளியே பொழுது சாய்கிற வெளிச்சத்தில் மலை தெளிவாக நின்றது. உன் மகன் விளக்கை ஜன்னல் கட்டையில் வைத்து சுவிட்சைப் போட்டான். மைக்கா மஞ்சளாகப் பூத்தது.

எல்லோரும் பார்த்தார்கள். விளக்கைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், மறுபடி விளக்கைப் பார்த்தார்கள். கூடம் மெல்ல மெல்ல அடங்கியது. அந்த அமைதி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் குளியலறையில் ஒத்திகை பார்த்தேன்.

"ஒத்து வரலியே" என்றார் உன் சித்தப்பா. "இதுல திமிலு இருக்குது. அங்க காணமே?"

"இது அந்தண்டப் பக்கத்து மலையாச்சே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அடி அண்ணாமலைகிட்ட இருந்து பாத்தாதான் இப்டி தெரியும்."

இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி. அடி அண்ணாமலையில் யார் வீடு இருக்கிறது? யாராவது ஒருவர் அதைக் கேட்டால் போதும். அப்போது குருக்கள் எழுந்தார். நம் பெஞ்சில் உட்கார்ந்து தரைக்குப் போன அதே குருக்கள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குப் புரியலையா? ஒவ்வொரு திக்குல நிக்கறவாளுக்கு ஒவ்வொரு முகம் காட்டற மலை இது. அதைப் பாக்க நாமெல்லாம் கால் நோக நடக்கறோம். இவர் நடக்கவே வேண்டாம்னு, உக்காந்த இடத்துலயே, அந்தண்டை முகத்தை அண்ணாமலையார் இவருக்குத் திருப்பிக் காட்டியிருக்கார். இதை இத்தனை நாள் வெளியில ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்!"

"அரோகரா" என்றார் உன் சித்தப்பா.

கூடமே சொன்னது. உன் மகன் குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ தட்டும் கற்பூரமும் கொண்டுவந்தார்கள். நான் வெட்டிய திமிலுக்குக் கற்பூரம் காட்டினார்கள். தட்டு வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

உயிரோடு இருந்தவரை நீ எனக்கு ஆப்பு வைத்தாய், அது மனித சுபாவம். செத்த பிறகும் வைத்தாய் பார், அதற்காகத்தான் இந்த மடல்.

சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். உன் மனைவி சொம்பை நீட்டினாள். எங்கள் தெருவில் வளர்ந்த பெண், என்னை அண்ணே என்று கூப்பிட்டே பழகியவள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தத் திமிலு உங்க பின்கட்டுல தெரியறதுதானே?"

சொம்பைக் கீழே வைத்தேன்.

"பொறந்ததுல இருந்து பாத்த மலைண்ணே. எனக்குத் தெரியாதா? அவரு அந்த விளக்கத் தூக்கினு வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"அவரு இருக்கசொல்ல சொல்லியிருந்தா ஊட்ல சண்ட. இப்ப சொன்னா எம் புள்ளைக்கு மானக்கேடு. எப்பண்ணே சொல்றது?" முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட மட்டும் என்னா உண்மையா பேசினாரு? எங்கப்பாரு செஞ்சு குடுத்த கட்டில, இவரே செஞ்சதுன்னு என் நாத்தனாருங்ககிட்ட சொன்னவருதான."

நான் எதிர்பார்த்த வாய் கடைசியில் சொல்லிவிட்டது. நாலு பேர் முன்னால் இல்லை, மிளகாய்த்தூள் டப்பாவுக்கு முன்னால். இனி எங்கும் சொல்லவும் சொல்லாது.

"படம் கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்குது" என்றேன். "ஆப்ப ஒரு தட்டு தட்டிட்டுப் போறேன்."

அவள் என்னோடு கூடத்துக்கு வந்தாள். கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்திருந்தது. உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசையில் வைத்தேன். மூன்று ஆப்புகளை நன்றாகத் தட்டி இறுக்கினேன். நாலாவது, ஜன்னல் பக்கத்துக் கீழ்மூலையில் இருந்ததை, அடியிலிருந்து ஒரு தட்டு தட்டி உருவி எடுத்தேன். சட்டம் மாட்டக் கொண்டுவந்திருந்த கருவிப் பையைத் துழாவினேன். அன்று வெளிநாட்டுப் பையன் மன்னிப்புக் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்த துண்டு அகப்பட்டது. நீ செதுக்கியது. பின்பக்கம் உன் பழைய பசை இன்னும் காய்ந்து பிடித்திருந்தது. கொஞ்சம் புதுப் பசை தடவி, ஓட்டை மறையும்படி அந்த நாக்கின் மேல் ஒட்டினேன். பார்வைக்கு நாலு ஆப்பு. வெளியே தெரிவதுதானே முக்கியம்?

அந்தச் சட்டத்தில் உன் கைவேலை அது ஒன்றுதான். ஆகையால் இனி யாராவது உன் மகனிடம், இதில் அப்பாவின் பங்கு என்ன என்று கேட்டால், அவன் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

நிமிர்ந்தபோது உன் மனைவி என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜ ஆப்பின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

அவள் உன் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செரி. பாயசம் ஆறிடப்போவுது, வந்து சாப்டுங்க" என்றாள்.

அது மழை முடிந்த நேரம். இப்போது வெயில் ஏறிவிட்டது. கருவேலம் மற்ற மரங்களைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் சுருங்கும், ஆனாலும் சுருங்கும். சுருங்கினால் மூட்டு ஆப்பைத் தேடும். மூன்று மூலைகளுக்குக் கிடைக்கும். நாலாவதுக்கு நீ செதுக்கியதுதான் கிடைக்கும். உனக்கு நான் செய்த கெடுதல் இவ்வளவே. உன்னை உன் பொறுப்பில் விட்டிருக்கிறேன். ஆப்பு வைக்காமல் விட்டதுதான் நான் உனக்கு வைத்த ஆப்பு.

நிஜ ஆப்பு என்னிடமே இருக்கிறது. சட்டை மாற்றினால் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். பெருவிரல் நீளம், ஒரு பக்கம் சரிவு, கறுப்பு. துவைக்கப் போடும்போது மனைவி எடுத்து, "இது என்னாது?" என்று கேட்டாள். "அவரு ஞாபகமா" என்றேன். சாமி அலமாரியில் வைக்கப் போனாள், தடுத்து வாங்கிக்கொண்டேன்.

கண்ணில் தண்ணீர் அடங்கி, டிரம்மை மூடிவிட்டு உள்ளே வந்ததும் போன் அடித்தது. உன் மகன்.

"மாமா, அப்பா படம் ஒரு பக்கமா எறங்குது. நேரா வெச்சாலும் மறுநாள் ஜன்னல் பக்கமா சாஞ்சிடுது. குருக்கள் வந்து பாத்துட்டு, அப்பா மலையப் பாக்கத் திரும்புறாருன்றாரு."

சொல்லாமல் இருப்பாரா? அவனுக்குப் பின்னால், சமையல்கட்டுப் பக்கமிருந்து, ஒரு பெண் சிரித்து அடக்கிக்கொள்வது கேட்டது. இருமல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"இருந்தாலும் பாக்க ஒரு மாதிரி இருக்குது மாமா. அந்த மூலைல ஆணி அடிச்சிடலாம்னு இருக்கேன். நான் அடிக்கிறேன், நீங்க வந்து கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?"

நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

"புடிச்சினுதான்பா இருக்கேன்" என்றேன்.